நெடுஞ்சாலையில் கொதித்த கார்: வேலூர் சத்துவாச்சாரிப் பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதத்தின் இரண்டாம் வாரம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி பகல் இரண்டு மணிக்கு 41 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில்தான் மஞ்சள் பலகை மாட்டிய ஒரு பெட்ரோல் காரை வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் இன்ஜின், எட்டு வயது, ஓடியது 1,38,000 கிலோமீட்டர்.

ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் நோயாளிகளைச் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துவருவதும், குணமாகி ஊர் திரும்புகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். வங்காளத்திலிருந்து வருகிறவர்களோடு பழகிப் பழகி அவர்கள் மொழியையும் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டவர். அன்று காலை அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வாலாஜா தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. மாற்று வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது.

"தையல் பிரிக்காத மனிதர் அண்ணா. புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை" என்றார்.

இரண்டு மாதங்களில் அவர் மூன்று பட்டறைகளுக்குப் போய்வந்திருந்தார். முதல் இடத்தில் ரேடியேட்டரை மாற்றிப் புதிதாகப் போட்டார்கள். இரண்டாவது இடத்தில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றிக் கையில் கொடுத்து, "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். நடுவே வெளியில் ஓர் எலெக்ட்ரீஷியன் ரேடியேட்டர் ஃபேனின் ஒயரை வெட்டி, சாவி போட்டதுமே சுற்றும்படி நேரடியாக இணைத்துவிட்டார். மூன்றாவது இடத்தில், சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அதற்குள் 14,000 ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. வண்டி மட்டும் கொதிப்பதை நிறுத்தவில்லை.

இன்ஜின் ஆற ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துக் கேட்டேன்: "வண்டி எப்போது சூடாகிறது, தம்பி?"

"எப்போதும்தான் அண்ணா."

எல்லோரும் முதலில் சொல்லும் பதில் இதுதான். விடாமல் கேட்டால் விவரம் வரும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது ஏறுகிறதா? இல்லை, முள் பாதியை ஒட்டியே நிற்கிறது. காட்பாடி பாலத்தில் ஊர்ந்து போகும்போது? ஏறவில்லை. சென்னை சாலையில்? 60 வேகம் வரை ஒன்றும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு 90-இல் போனால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஏறுகிறது. வேகத்தைக் குறைத்து ஏசியை அணைத்தால் இறங்குகிறது. இதற்கு நடுவே, "நகரத்துக்குள் ஏசி சரியாகக் குளிர்வதில்லை" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாதி நோயறிதல் இந்தப் பதில்களிலேயே இருக்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும் சூடாகி, வேகமாகப் போகும்போது ஆறுகிற வண்டியில் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும்; ஓடும் வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் காற்று. நகரத்தில் அமைதியாக இருந்து நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ கொதிக்கிற வண்டியின் கதை வேறு. எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிவரும் திரவமான கூலன்ட்தான் சுமந்து வெளியேற்றுகிறது. இன்ஜின் அதிகம் உழைக்கும்போது அந்தச் சுமை பல மடங்காகிறது. அதைச் சுமந்து செல்லப் போதிய அளவு கூலன்ட் சுற்றிவராவிட்டால் நகரத்தில் தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிந்துவிடும். ஆகவே என் சந்தேகம் முதலிலேயே ஓட்டத்தின் மேல்தான் விழுந்தது. ஆனாலும் ஹெட் கேஸ்கட் என்று ஒருவர் சொல்லியிருக்கும்போது அதைச் சோதிக்காமல் ஒதுக்கக் கூடாது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூடியில் 1.1 என்று எண் பொறித்திருந்தால் உள்ளே அத்தனை பார் அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகி, கொதிநீரையும் தள்ளிக்கொண்டு பீறிடும். இந்த ஓட்டுநரின் வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளுத்துச் சுருங்கிய தோல் இருந்தது. மார்ச் மாதத்தில் ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்ததன் தழும்பு. ஈரச் சாக்கு யாரையும் காப்பாற்றாது.

உள்ளே இருந்தது கூலன்ட் இல்லை. டீ வடிகட்டிய சக்கையைக் கழுவிய தண்ணீர் போல, துருநிறத்தில் கலங்கல் நீர். கையால் அடிக்கும் பம்பை மூடியின் இடத்தில் பொருத்தி 1 பார் அழுத்தம் ஏற்றினோம். பதினைந்து நிமிடம் முள் அசையவில்லை. வெளியே கசிவு இல்லை. அடுத்து நீலத் திரவச் சோதனை. இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் காற்றை ஒரு கண்ணாடிக் குழாயில் உள்ள நீலத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கேஸ்கட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கலந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். இரண்டு முறை செய்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் (பிஸ்டன் அழுத்தும்போது எழும் அழுத்தம்) சமமாக இருந்தது. 35,000 ரூபாய்ச் செலவு அங்கேயே நின்றது.

இனி ஓட்டத்தை அளக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி அளப்பது எளிது, ஆனால் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது குறைத்துக் காட்டும். மேலும் வண்டி ஓடும்போது அதைப் பயன்படுத்த முடியாது. நான் செய்தது இது: மெல்லிய கம்பி போன்ற இரண்டு வெப்பமுனைகளை, ரேடியேட்டருக்குள் நுழையும் மேல் ஹோஸின் உலோக வாயிலும், வெளியேறும் கீழ் ஹோஸின் வாயிலும் வைத்து, மேலே பஞ்சு சுற்றி டேப் ஒட்டினேன். கம்பிகளைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுத்து இரண்டு மீட்டர்களில் செருகினேன். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தி, இன்ஜின் சென்சார் சொல்லும் வெப்பநிலையையும் கண்முன் வைத்துக்கொண்டேன். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவரே ஓட்ட, ஏசி போட்டுக்கொண்டு பள்ளிகொண்டா நோக்கிப் புறப்பட்டோம்.

சுங்கச்சாவடி வரை ஒன்றும் இல்லை. மாதனூர் நெருங்கும்போது, வேகம் 90-இல் நிலைத்திருக்க, சென்சார் 109 டிகிரி. மேல் ஹோஸ் 107. கீழ் ஹோஸ் 69.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அந்த இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தேன். 38 டிகிரி வித்தியாசம்.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். பலர் இதைப் பார்த்தால் "ரேடியேட்டர் அருமையாக வேலை செய்கிறது, 38 டிகிரி குறைக்கிறதே" என்று மகிழ்ந்துபோவார்கள். உண்மை நேர்மாறானது. கூலன்ட் தாராளமாகச் சுற்றுகிற இன்ஜினில், முழுச் சுமையிலும் மேலுக்கும் கீழுக்கும் பத்து டிகிரி அளவில்தான் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உடனே திரும்பிப் போகும். இங்கே தண்ணீர் ரேடியேட்டருக்குள் ஆற அமர ஊர்ந்து நன்றாகக் குளிர்கிறது. ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர் இன்ஜினுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேர்கிறது. கிணறு நிறைய நீர் இருந்தும் வாளி ஓட்டையாக இருந்தால் வயல் காயும் அல்லவா, அந்த நிலைமை. இதற்கு மாறாக, ரேடியேட்டரின் வெளிப்புறம் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. தெர்மோஸ்டாட் இருக்கிற வண்டியில், இன்ஜின் இன்னும் முழுச் சூட்டை எட்டாதபோது கீழ் ஹோஸ் குளிர்ந்திருப்பது இயல்பு. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு. இந்த வண்டியில் அது கழற்றப்பட்டிருந்ததால், அது மூடிக்கொண்டதோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது. ரேடியேட்டரும் புதியது. ஆக மிஞ்சியது கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப்.

அந்தப் பம்பை மூன்று இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் ஓட்டுநர் சொன்னார், நானும் நம்புகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. புல்லியைப் பிடித்து ஆட்டினேன், பேரிங் கிணுக்கென்றுகூட அசையவில்லை. உள்ளே சீல் போனால் நீர் சொட்டும் கசிவுத் துளை காய்ந்திருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. பம்ப் சுற்றுகிறது என்பதற்கு எல்லாச் சாட்சியும் உண்டு, அது தண்ணீரைத் தள்ளுகிறதா என்பதற்கு ஒன்றும் இல்லை.

பெல்ட்டைத் தளர்த்தி, புல்லியை எடுத்து, ஆறு போல்ட்களைக் கழற்றிப் பம்பை வெளியே எடுத்தோம். புதிய பம்பையும் பழையதையும் மேசைமேல் அருகருகே வைத்தபோது ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. புதியதில் தண்ணீரைத் தள்ளும் சுழலியின் இரும்பு இதழ்கள் விரல் நகம் அளவு உயரத்தில் வளைந்து நின்றன. பழையதில் கரையான் அரித்த ஓலை போல அடித்தண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு இதழ்கள் அடியோடு இல்லை. மற்றவற்றின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், துருச் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. பம்ப் வாயின் சுவரில் வெள்ளையாகக் காரை, அதன்மேல் செம்பழுப்புச் சேறு.

காரணம் காரின் டிக்கியிலேயே இருந்தது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் வீட்டு போர் தண்ணீர். மூன்று ஆண்டுகளாகக் குறையக் குறைய அதைத்தான் ஊற்றியிருக்கிறார். அவர் வீடு ராணிப்பேட்டைப் பக்கம், பாலாற்றங்கரையை ஒட்டி. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் எங்கள் டி.டி.எஸ். மீட்டரை அந்தக் கேனில் நனைத்தால் லிட்டருக்கு 1,900 மில்லிகிராமைத் தாண்டியது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆறு வற்றியதால் நாங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதைக் குடைந்து எடுக்கிறோம். அந்த நிலத்தடி நீரிலோ பாறையின் உப்போடு தோல் பதனிடும் தொழிலின் உப்பும் சேர்ந்து கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்தப் படுகையைத் தோல் கழிவு கெடுத்ததைப் பற்றித்தான். அந்தச் செய்தியை நாங்கள் குடிநீரோடும் நெல் வயலோடும் சேர்த்தே நினைக்கிறோம். அதே நீர் இன்ஜினுக்குள் போகும்போது, சுண்ணாம்பு உப்பு சூடான சுவரில் காரையாகப் படிகிறது, குளோரைடு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து இதற்கு எதிராகத்தான் சேர்க்கப்படுகிறது. குளிரில் உறையாமல் காப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும் கூலன்டின் வேலைகளில் ஒரு பகுதி மட்டுமே. "நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் இந்தப் பழைய பம்பைத்தான் இப்போது எடுத்துக் காட்டுகிறேன்.

சரிசெய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுத்தம் செய்யும் திரவம் ஊற்றி இன்ஜினையும் ஹீட்டர் குழாய்களையும் கழுவினோம்; பிறகு வெளியேறும் நீர் தெளியும் வரை, உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீரால் அலசினோம், நான்கு முறை பிடித்தது. புதிய பம்ப், புதிய பெல்ட். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தினோம். பொருத்தும் முன் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கியது, 95-இல் முழுதாகத் திறந்தது. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது வெயில் ஊருக்கு மருந்து என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், அதுவரை இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால், ரேடியேட்டரைத் தவிர்த்து இன்ஜினுக்கே திரும்பும் சுற்றுவழி அடைபடாமல் திறந்தே நின்று, கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். அதாவது சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

கலக்கத் தேவையில்லாத தயார்நிலைக் கூலன்ட் நாலரை லிட்டர் பிடித்தது. காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்புறத்தை ஒரு முழம் உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டோம். கடைசிக் குமிழி வர நாற்பது நிமிடம் ஆனது. இந்த நாற்பது நிமிடத்தைச் சுருக்கக் கூடாது. ஹெட்டில் காற்று தங்கி, சென்சார் முனை தண்ணீரில் நனையாமல் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் குறைவாகவே காட்டும்.

அதே சாலை, அதே வேகம், அதே வெயில். மாதனூர் தாண்டி ஆம்பூர் வரை போய்த் திரும்பினோம். சென்சார் 95, மேல் ஹோஸ் 94, கீழ் ஹோஸ் 83. பம்ப், பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். அவர் அன்றே சவாரிக்குப் போனார்.

ஆறாம் நாள் காலை ஏலகிரியிலிருந்து அழைத்தார். "அண்ணா, மறுபடியும் ஏறுகிறது."

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பாரி பெயர் எழுதிய பலகைக்கு அருகே நிழலில் நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். குடும்பத்தோடு ஐந்து பேர், ஏசி, இரண்டாம் கியர், 25 வேகம். நெடுஞ்சாலையில் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். வாணியம்பாடி வரை 100-இல் வந்தேன், முள் அசையவே இல்லை என்றார். ஏசியை அணைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி ஏறச் சொன்னேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வண்டி வந்ததும் நான் மீட்டர் எதையும் எடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் சரி, மெதுவான ஏற்றத்தில் தவறு என்றால் காற்று. சுமை உச்சத்தில் இருக்கிறது, வேகம் தரும் காற்றோ இல்லை. அங்கே முழுப் பொறுப்பும் ஃபேனுடையது. சாவியைப் போட்டேன், ஃபேன் முழங்கியது. அன்றுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டே ஃபேன் வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த செய்தித்தாளின் ஒரு தாளை எடுத்து வண்டியின் முன் கிரில்லுக்கு எதிரே பிடித்தேன். தாள் உள்ளே இழுக்கப்பட்டு கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது படபடவென்று என் மார்பில் வந்து அறைந்தது.

ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. நேரடி இணைப்புக் கொடுத்தபோது இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) ஓடும் இத்தகைய மோட்டாரில் ஒயர் மாறினால் திசை மாறும்; சத்தத்தில் வேறுபாடு தெரியாது. 90 வேகத்தில் எதிர்க்காற்று அந்த ஃபேனை வென்றுவிட்டது. நகரத்தில் சுமை குறைவென்பதால் திருப்பி ஊதிய காற்றே எப்படியோ போதுமானதாக இருந்தது. 25 வேகத்தில் மலையேறும்போது மட்டும், முன்னிருந்து வரும் காற்றும் பின்னிருந்து ஊதும் ஃபேனும் ஒன்றையொன்று தடுத்துவிட்டன. நகரத்தில் ஏசி குளிராததன் காரணமும் இதுவே: இன்ஜின் அறையின் அனற்காற்று ரேடியேட்டரைக் கடந்து, அதற்கு முன்னால் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. முதல் நாளே அவர் சொன்ன வார்த்தை அது. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே கடையில் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்று அந்த இணைப்பை அப்படியே விட்டதும் நான்தான். நோயாளிகள் ஏறும் வண்டியில் அப்படி விட்டிருக்கக் கூடாது. அந்த வேலைக்கு அவரிடம் கூலி வாங்கவில்லை.

புது ரிலே, சரியான அளவு ஃப்யூஸ், முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் முறையான கப்ளர். ஃபேன் மறுபடி கணினியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்தித்தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அந்த ஞாயிறு நானும் அவரோடு ஏலகிரி ஏறினேன். பகல் ஒரு மணி, ஏசி முழு வேகத்தில். சென்சார் 98-ஐத் தாண்டவில்லை. ஃபேன் ஓடி நின்று, ஓடி நின்று வேலை செய்தது. பாரி வளைவில் அவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். "போங்கள் தம்பி" என்றேன்.

நவம்பரில் ஆயில் மாற்ற வந்தபோது வண்டி மேலும் 19,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மூடியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கூலன்டை எடுத்துப் பார்த்தோம், நிறம் மாறவில்லை, அடியில் மண்டி இல்லை. உபரித் தொட்டியில் மட்டும் அளவு ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கீழ் ஹோஸின் கிளாம்பில் ஒரு சொட்டு காய்ந்த கறை இருந்தது. கிளாம்பை மாற்றிவிட்டு, டிக்கியில் பழைய கேன் இருந்த இடத்தில் ஒரு லிட்டர் கூலன்ட் பாட்டில் வைத்து அனுப்பினேன்.